கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்



செந்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓவிய ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஆண்டு விழாவை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்திருக்கிறார். தலைப்பு ‘விளையாட்டு’. வந்து குவிந்த படங்களில் பாதிக்கு மேல் கிரிக்கெட் ஸ்டேடியமாம். உயரமான விளக்குக் கம்பங்கள், மஞ்சள் சட்டை, முதுகில் 7. வரைந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அப்படியொரு ஸ்டேடியத்துக்குள் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, முந்திரித் தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற தரிசில் தினமும் சாயங்காலம் வாலிபால் நடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அதை வரைந்தவர் யாருமில்லை. ‘இதில் முதல் பரிசை யாருக்குக் கொடுப்பது?’ என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார்.

அவருக்குத் தனியாகப் பதில் போட உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்து வாசகர்களும் படிக்கட்டுமே என்று இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

‘முதல் பரிசு யாருக்கு’ என்ற அதே கேள்வியோடு உலகமே ஏறக்குறைய நாற்பது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறது. ஒலிம்பிக்கில் ஓவியத்துக்குப் பதக்கம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கி வைத்த பியர் தெ கூபர்த்தென், உடம்பும் கலையும் ஒரே களத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1906இல் பாரிசில் கூட்டம் போட்டுப் பேசி, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகிய ஐந்துக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஏற்பாடு செய்தார்கள். நிபந்தனை இரண்டுதான்: படைப்பு புதிதாக இருக்க வேண்டும், விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்த முதல் வருடம் இலக்கியத்துக்கான தங்கத்தை வாங்கியது ஹோரோட், எஷ்பாக் என்ற இரண்டு பேர். விசாரித்துப் பார்த்தால் இரண்டு பேருமே கூபர்த்தென்தான்! புனைபெயரில் எழுதிப் போட்டிருக்கிறார். போட்டியை நடத்துகிறவரே பரிசையும் வாங்கிப் போவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

களத்திலும் கலையிலும் சேர்ந்து ஜெயித்தவர்களும் உண்டு. அமெரிக்கர் வால்டர் வைனன்ஸ் 1908இல் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கியவர். 1912இல் குதிரைச் சிற்பம் ஒன்றுக்காக இன்னொரு தங்கம் வாங்கினார். ஹங்கேரியின் ஆல்பிரெட் ஹாயோஷ் 1896இல் ஏதென்ஸ் பக்கத்துக் கடலில் நீந்தி இரண்டு தங்கம் ஜெயித்தார். பிறகு கட்டடக் கலைஞராகி, 1924இல் விளையாட்டரங்கம் ஒன்றின் வரைபடத்துக்கு வெள்ளி பெற்றார். அந்தப் பிரிவில் அந்த வருடம் தங்கமே கிடையாது. தங்கம் கொடுக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். இசைக்கு அதே வருடம் ஸ்ட்ராவின்ஸ்கி, ராவெல் போன்ற மேதைகள் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாருக்கும் எந்தப் பதக்கமும் இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் இப்படிச் செய்ய முடியுமா? எவ்வளவு மெதுவாக ஓடினாலும் முதலில் கயிற்றைத் தொட்டவன்தான் முதல். ஓவியத்தில் அப்படி ஒரு கயிறு கிடையாது.

1928 ஆம்ஸ்டர்டாமில் நகர அருங்காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான படைப்புகள் வைக்கப்பட்டன. 1948 லண்டனில் ஜான் கோப்லி என்ற 73 வயதுக்காரர், போலோ ஆட்டக்காரர்களைச் செதுக்குப் படமாக்கி வெள்ளி வாங்கினார். அதோடு கதை முடிந்தது. ஒலிம்பிக்கில் அப்போது காசு வாங்கி விளையாடுகிறவர்களுக்கு இடமில்லை. ஓவியர்களோ படத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டும். இந்த முரண்பாட்டைச் சொல்லிப் பதக்கத்தை நிறுத்தினார்கள். 1952 ஹெல்சின்கியில் போட்டி இல்லாமல் கண்காட்சி மட்டும் நடந்தது. பழைய கலைப் பதக்கங்கள் இன்றைக்கு நாடுகளின் அதிகாரபூர்வப் பதக்கக் கணக்கில் சேர்வதில்லை.

நிறுத்தியது சரி என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. சுவரில் மாட்டத் தகுந்தது எது, தகாதது எது என்று நாலு பேர் உட்கார்ந்து பிரித்துவிட முடியும். மாட்டிய பிறகு, இது ஒன்று, இது இரண்டு என்று எண் போடுவதுதான் வம்பு. செந்துறை ஆசிரியருக்கு என் பதிலும் இதுதான். முதல் பரிசை விட்டுவிடுங்கள் ஐயா. இருபது படத்தைத் தேர்ந்தெடுங்கள். இருபதையும் மாட்டுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே நல்ல வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அயர்லாந்து தனி நாடாகி ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கமே ஓவியத்துக்குத்தான். கவிஞர் யேட்ஸின் தம்பி ஜாக் யேட்ஸ் வரைந்த ‘லிஃபி நீச்சல்’ என்ற படம். டப்ளின் நகர் நடுவே ஓடும் லிஃபி ஆற்றில் வருடா வருடம் நடக்கிற நீச்சல் போட்டி அது. படத்தில் நீச்சல் வீரர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்; தண்ணீரில் சிறிதாகத் தெரிகிறார்கள். படத்தின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பது கரையில் கூடியிருக்கும் ஜனங்கள். தொப்பி போட்ட தலைகள், எட்டிப் பார்க்கும் கழுத்துகள். அந்தக் கூட்டத்துக்குள் நாமும் ஒருவராக நின்று பார்க்கிற மாதிரி வரைந்திருப்பார். வீட்டில் உட்கார்ந்து யோசித்து வரைந்த படம் இல்லை. அந்தக் கரையில் நின்ற ஒருவருடைய படம். டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக் கூடத்தில் இன்றும் இருக்கிறது.

அப்படி நிற்பதற்கு நமக்கும் எத்தனையோ கரைகள் இருக்கின்றன.

பொங்கல் கழிந்தால் திருமானூர்ப் பக்கம் ஜல்லிக்கட்டு. ஜல்லிக்கட்டு ஓவியம் என்றால் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள்: சீறிப் பாயும் காளை, திமிலில் தொங்கும் இளைஞன், பின்னால் புழுதி. காலண்டரிலும் டீக்கடைச் சுவரிலும் பார்த்த படம். அங்கே போய் நின்றவர்களுக்குத் தெரியும், வாடிவாசலில் நடப்பது சில நொடிதான். மற்ற நேரமெல்லாம் வேறு காட்சிகள். டோக்கன் கையில் வைத்துக்கொண்டு காளையோடு வரிசையில் நிற்கிறவர்கள். கொம்பைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துகிற வீட்டுக்காரர். ஆட்டம் முடிந்து ஓடும் காளையைப் பிடிக்க, களத்தின் மறுகோடியில் கயிற்றோடு காத்திருக்கிற தம்பிகள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அத்தனை ஆவேசமும் அடங்கி, கன்றுக்குட்டி போல வந்து நிற்கும் காளைகளும் உண்டு. அதை வரைந்த ஒரு படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

எருதோடு விளையாடுவதைக் கல்லிலும் பாறையிலும் வடித்த மரபு நம்முடையது. நீலகிரியில் கரிக்கியூர்ப் பாறை ஓவியங்களில் மாடு விரட்டும் காட்சி இருக்கிறது. கல்வராயன் மலைக் கருமந்துறைப் பக்கம் கிடைத்த ஒரு நடுகல் சேலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எருதோடு பொருதி உயிர்விட்ட ஒருவனுக்காக எடுத்த கல். பெரம்பலூரிலிருந்து பச்சைமலையைத் தாண்டிப் போனால் கல்வராயன் மலை ஒன்றும் வெகுதூரம் இல்லை. நம் பக்கத்து வீட்டுக் கதைதான். பழைய ஏதென்ஸில் போட்டியில் வென்றவனுக்கு எண்ணெய் நிறைத்த ஜாடிகளைப் பரிசாகக் கொடுப்பார்கள். ஜாடியின் ஒரு பக்கம் ஏதீனா தேவி, மறுபக்கம் அவன் வென்ற ஆட்டத்தின் ஓவியம். பரிசுப் பொருளே ஓவியம்! நம் ஜல்லிக்கட்டில் அண்டாவும் கட்டிலும் சைக்கிளும் தருகிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுக்கு உதவும். ஆனால் கருமந்துறைக் கல் சொல்கிற செய்தி ஏதென்ஸ் ஜாடியில் கிடையாது. அங்கே ஜெயித்தவனுக்குத்தான் படம். இங்கே களத்தில் விழுந்தவனுக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

கபடிக்கு வருவோம். ஊர்த் திருவிழாவில் டியூப்லைட் வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கிற கபடியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதில் வரைய என்னதான் இல்லை? எதிரணிக் கோட்டுக்குள் போனவன் கால் நுனியை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பும்போது உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். அவனைப் பிடிக்க வந்தவர்கள் சங்கிலி கோத்த கையோடு அப்படியே இழுபடுவார்கள். நடுக்கோட்டைத் தொடுகிற விரல். ‘தொட்டுட்டான்’ என்று ஒரு பக்கமும் ‘தொடல’ என்று இன்னொரு பக்கமும் கத்துகிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவே, யாரைப் பார்த்து விசில் ஊதுவது என்று தெரியாமல் திணறும் நடுவர். தோளில் துண்டு, கையில் ஸ்கோர் நோட்டு. அவரை யாராவது வரைந்து அனுப்பினால் அட்டைப்படமாகவே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

நம் மண்ணிலிருந்து போனவர்களையும் மறக்க வேண்டாம். அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் ஹாக்கி பழகிய செல்வம் கார்த்தி, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அரியலூர்ச் சுவர் எதிலாவது அவர் படம் இருக்கிறதா? அவரை வரைகிற பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள்: இணையத்தில் கிடைக்கிற புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்காதீர்கள். ஹாக்கி மட்டையை ஒரு மணி நேரம் கையில் வாங்கிப் பிடித்துப் பாருங்கள், முதுகு எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்று தெரியும். பிறகு வரையுங்கள்.

புகைப்படத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடும்போது எப்போதாவது நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றனவா என்ற சர்ச்சையைத் தீர்த்ததே புகைப்படம்தான். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்துக் காட்டினார். எழும்புகின்றன, ஆனால் கால்கள் நான்கும் வயிற்றுக்கடியில் ஒன்றாகக் குவிந்திருக்கும் நேரத்தில். அதுவரை ஓவியர்கள் வரைந்த பந்தயக் குதிரைகளெல்லாம் முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் நீட்டிக்கொண்டு பறந்தன. பாரிஸ் லூவ்ரில் இருக்கும் ஜெரிகோவின் 1821ஆம் வருடத்துக் குதிரைப் பந்தய ஓவியம் அப்படிப்பட்டதுதான். கணக்குப்படி அது தப்பு. ஆனால் வேகம் என்றால் இதுதான் என்று ஜெரிகோவின் குதிரைகள்தான் நம்மை நம்ப வைக்கின்றன. மைபிரிட்ஜின் குதிரை அந்தரத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறது.

இந்த வித்தையை மாணவர்கள் கற்றுக்கொள்ள லூவ்ருக்குப் போக வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் வரை பஸ் ஏறினால், பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கோயிலின் வெளிச்சுவரில் ஆடல்வல்லான் நிற்கிற மாடத்துக்கு முன்னால் நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். மடங்கிய வலது காலில் முழு எடையும் இறங்கியிருக்கிறது. இடது கால் குறுக்கே எழும்பியிருக்கிறது. கைகள் அந்த எடையைச் சமன்செய்கின்றன. கபடிக்காரனுக்கும் உயரம் தாண்டுகிறவனுக்கும் இருக்கிற அதே உடம்புக் கணக்கு, ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்லில். கையில் சூலம் இருக்கிறதா, மான் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்காமல், எடை எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்க எழும்புகிற அக்காவையும் வரைந்துவிடலாம். பெரம்பலூரில் மாணவியருக்கான விளையாட்டு விடுதியே இருக்கிறது. அதிகாலையில் ஓடுகிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்து வரைய எந்தக் கல்லூரியிலும் சேர வேண்டியதில்லை, சீக்கிரம் எழுந்தால் போதும்.

வண்ணத்துக்கும் பஞ்சமில்லை. காரைப் பக்கத்துப் பள்ளங்களில் சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக மண் அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். அரியலூரின் சுண்ணாம்புக் கல்லே அந்தக் கடல் விட்டுப் போனதுதானே. மைதானத்தில் கோடு போட நாம் தூவுகிற சுண்ணாம்புக்கும் அந்தக் கல்லுக்கும் உறவு இல்லாமல் இல்லை. ஊர் மண்ணைக் குழைத்து ஊர் ஆட்டத்தை யாராவது தீட்டிப் பார்க்கலாம். எப்படி வரும் என்று தெரியாது. வந்தால் பார்ப்போம்.

இனி கண்காட்சி விஷயம். இரண்டு மாவட்டமும் சேர்ந்து, கலையும் விளையாட்டும் என்ற தலைப்பில், தேர்வு செய்த படைப்புகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்பது இந்த இதழின் ஆசை. தமிழ்நாட்டில் விளையாட்டும் ஓவியமும் சேர்ந்து பெரிதாகப் பேசப்பட்டது 2022இல், மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது. சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஆனது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை ஊரெல்லாம் கைகூப்பி நின்றது. அழகுதான். ஆனால் அது மேலேயிருந்து வந்து நம் மேல் பூசப்பட்ட அழகு. நான் கேட்பது கீழேயிருந்து வருவது.

ஆர்வலர்கள் நம் பக்கம் நிறைய. மாவட்டக் கலை மன்றம் வருடந்தோறும் கலை இளமணியில் தொடங்கிக் கலை முதுமணி வரை விருது கொடுக்கிறது. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு மாவட்ட மைதானம் நிரம்புகிறது. ஓவியத்துக்கு ஒரு நாள் வருகிற பிள்ளையும் ஓட்டத்துக்கு ஒரு நாள் வருகிற பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஒருவர் ஓட, இன்னொருவர் மைதானத்து ஓரம் உட்கார்ந்து வரைய ஏன் கூடாது?

தேர்வுக் குழுவில் மூன்று பேர் போதும் என்று நினைக்கிறேன். அணைக்கரைப் பாலம் தாண்டினால் கும்பகோணம். அங்கே அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஒருவர். ஒரு பி.டி. வாத்தியார், ஓய்வு பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது, வாய் திறந்து பேசுவார். மூன்றாவதாகக் காளை வளர்க்கிற ஒருவர். சிரிக்காதீர்கள். காளையின் கழுத்துத் தசை எங்கே புடைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. மூவரும் ஒரு படத்தை ஒப்புக்கொண்டால் அது சுவருக்குப் போகட்டும். இருவர் ஒப்பி ஒருவர் மறுத்தால் அதுவும் போகட்டும், மறுத்தவர் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் எழுதி வைப்போம். பார்க்க வருகிறவர்களுக்குச் சண்டை போட ஏதாவது வேண்டாமா?

தேர்வாகாதவர்களுக்கு என்ன சொல்வது? 1863இல் பாரிசில் அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்கள் ஏராளமான படங்களைத் தள்ளிவிட்டார்கள். ஓவியர்கள் கொதித்தெழவும், மன்னர் மூன்றாம் நெப்போலியன் தள்ளுபடியான படங்களுக்கென்று தனிக் கண்காட்சி வைக்க உத்தரவிட்டார். கேலி செய்யக் கூட்டம் கூட்டமாக ஜனம் வந்தது. அப்படிச் சிரித்துவிட்டுப் போன படங்களில் ஒன்று எத்வார் மனேயின் புல்வெளி விருந்து. இன்றைக்குப் பாரிசின் பெருமைகளில் ஒன்று. ஆகையால் நம் குழு தள்ளுகிற படங்களையும் தனி அறையில் மாட்டிவிட உத்தேசம். பள்ளிக்கூடத்துப் போட்டியில் பரிசு கிடைக்காத படம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். பரிசு பெற்ற பிள்ளைக்காவது டிபன் பாக்ஸ் மிச்சம். மற்றவர்களுக்கு அந்தத் தாள்கூடத் திரும்பி வருவதில்லை.

கண்காட்சிக்கு இடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் உங்கள் படங்களுக்கு ஒதுக்குகிறோம். வயது வரம்பு இல்லை. பென்சில், பேனா, வாட்டர் கலர், கரித்துண்டு, எதுவானாலும் சரி. களிமண்ணில் செய்தவர்கள் நாலு பக்கத்திலிருந்தும் எடுத்த புகைப்படத்தை அனுப்பலாம். நேரில் பார்த்த ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டாயம், டி.வி.யில் பார்த்தது கணக்கில் இல்லை. ஆடுகிறவரைத்தான் வரைய வேண்டும் என்பதும் இல்லை. கோடு போடுகிறவர், பந்து பொறுக்குகிறவர், செருப்பைக் காவல் காக்கிற தங்கச்சி, மோர் விற்கிற பாட்டி, எல்லோருக்கும் இடம் உண்டு. படத்தின் பின்பக்கம் பெயர், வயது, ஊர், எந்த ஆட்டம், எந்த மைதானம் என்று எழுதுங்கள். தேர்வு முடிகிற வரை அந்தப் பக்கத்தை ஒட்டி மறைத்துவிடுவோம், நடுவர்களுக்கு யார் வரைந்தது என்று தெரியாது.

தாளைச் சுருட்டாமல் அட்டை வைத்து அனுப்புங்கள். ஃபிரேம் போட வேண்டாம், தபாலில் கண்ணாடி நொறுங்கிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்